செய்தித்தாள் அடைத்த பை

நீதிமன்றத்தில் அந்த வக்கீலுக்குப் பெயர் வாய்தா. வீட்டு வாசல் பலகையில் இருந்த பெயரை அஞ்சல்காரரும் மின்கணக்கு எடுக்க வருபவரும்தான் பயன்படுத்தினார்கள். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "ஒரு வாய்தா வேண்டும்" என்று கேட்பார். கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். அதைப் பார்ப்பதற்கென்றே பின்வரிசையில் சிலர் உட்கார்ந்திருப்பார்கள்.

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. மற்ற வக்கீல்கள் படிக்காமல் வந்து வாய்தா கேட்டார்கள். இவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து கேட்டார். வழக்குக் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை பார்ப்பார். முக்கியமான இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போடுவார். கோடு கோணலாக இருந்தால் அழித்து மறுபடி போடுவார். எல்லாம் முடிந்து எழுந்து நிற்கும்போது, ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று ஓர் உறுத்தல் எழும். நாளைக்கு என்றால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று தோன்றும். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவர் அவர். பூட்டியிருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தது போதாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்கு மகள் அந்தப் பையை அனுப்பியது அன்பினால்தான். வெளிநாட்டில் முதல் வேலையில் சேர்ந்து, அலுவலக விஷயமாக இத்தாலிக்குப் போன இடத்தில் வாங்கியிருந்தாள். தேன் நிறத் தோல். பித்தளைப் பூட்டு. முன்பக்கம் இரண்டு வார். மூடியின் உட்புறத்தில் தைத்தவரின் பெயர் சின்ன எழுத்தில் சூடு போட்டதுபோல் பதிந்திருந்தது. முழுக்கக் கைத்தையல். ஓரிடத்தில் மட்டும் ஒரு தையல் லேசாகச் சாய்ந்திருந்தது. அது குறையா, கைவேலைக்கு அடையாளமா என்று கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் நெடுநேரம் பார்த்தார்.

"பெரிய பெரிய வக்கீலுங்க, டாக்டருங்க எல்லாம் வச்சிருக்கிற பைப்பா," என்றாள் மகள் தொலைபேசியில். "அந்த ரெக்ஸின் பையைத் தூக்கிப் போடுங்க. நான் ஸ்கூல் போறப்பவே அது கிழிஞ்சுதான் இருந்தது."

"இதை வெளியில எடுத்துட்டுப் போனா எங்கேயாவது இடிபடுமேம்மா."

"இடிபடட்டும்."

"மழை வந்தா?"

"நனையட்டும். அப்பா, அது பை."

பையோடு ஓர் அட்டையும் வந்திருந்தது. அதில் எழுதியிருந்ததற்கு மகளே அர்த்தம் சொன்னாள். தண்ணீர் பட்டால் கறை விழும். நகம் பட்டால் கோடு விழும். அப்படி விழ விழத்தான் இந்தத் தோல் உங்களுடையதாகும். முதல் இரண்டையும் அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். மூன்றாவது, விற்கிறவன் முன்கூட்டிச் சொல்லிவைக்கிற சமாதானம் என்று பட்டது.

பையை வீட்டிலேயே வைக்க மனம் வரவில்லை. மகள் கேட்டால் என்ன சொல்வது? அதில் கட்டுகளைத் திணிக்கவும் மனம் வரவில்லை, தோல் தொய்ந்துவிட்டால்? ஆகவே வலது கையில் இத்தாலிப் பை, இடது தோளில் ரெக்ஸின் பை என்று போய்வர ஆரம்பித்தார். காகிதமெல்லாம் பழையபடி ரெக்ஸினில். இத்தாலிப் பைக்குள், வடிவம் கெடாமல் இருக்கக் கசக்கி அடைத்த செய்தித்தாள். வாரக் கடைசியில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பார்.

"பேரப்பிள்ளை பிறந்தாக்கூட இப்படித் துணி மாத்த மாட்டீங்க," என்றாள் மனைவி. அந்தச் செய்தித்தாள் விஷயம் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நெட்டை என்று பெயர் வாங்கிய வக்கீல் அவரோடு ஒரே பெஞ்சில் சட்டம் படித்தவர். பெரும்பாலான வழக்குகளில் எதிர்ப்பக்கம் நிற்பார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவார்.

"அதுக்குள்ள என்னதான்பா வச்சிருக்கே?"

"முக்கியமானது."

"எங்கே, குடு, தூக்கிப் பார்க்கறேன்."

"உன் கையில எண்ணெய் இருக்கும்."

ரொட்டிக்கடைக்காரி அவரைத் தேடி வந்ததும் அந்தப் பையால்தான். ஒரு நாள் மழைக்கு அவளுடைய கடை முகப்பில் அவர் ஒதுங்கினார். தலையும் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பையை மட்டும் கறுப்பு அங்கிக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி முதலில் பையைத் துடைத்தார். சில நாள் கழித்து அவருடைய அலுவலகத்தில், முழங்கையில் மாவுப் பொட்டுகளோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பையையே இப்படிப் பார்த்துக்கிறவர் என் பேப்பரை எப்படிப் பார்த்துக்குவார்னு நினைச்சேன் சார்."

அவர் ரெக்ஸின் பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

அவளுடைய வழக்கில் சிக்கல் ஒன்றும் இல்லை. கடை மாமனாருடையது. கணவன் எப்போதோ வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். மாமனாரோடு அடுப்புச் சூட்டில் நின்றது அவள்தான். சாவதற்குமுன் அவர் கடையை மருமகள் பெயருக்கு உயில் எழுதி வைத்தார். அவர் போனதும் மகன் திரும்பி வந்தான். உயிலே பொய் என்றான். கடையைப் பூட்டி இடத்தை விற்கப் பார்த்தான். அவனுக்கு வக்கீல் நெட்டை. வாய்தா உயிலின் நகலைக் காட்டி, கடையைப் பூட்டக் கூடாது என்று தற்காலிகத் தடை வாங்கினார். நகல் போதாது, அசலைக் கொண்டுவாருங்கள் என்றார் நீதிபதி.

அங்கேதான் உறுத்தல் தொடங்கியது. அசலை ஒப்படைத்துவிட்டால் அது நீதிமன்றப் பதிவறைக்குப் போகும். பதிவறையின் கூரை ஒழுகும். எலி உண்டு. ஒரு தடவை ஒரு கட்டே காணாமல் போய், கடைசியில் ஆட்டம் கண்ட பீரோவின் காலுக்கு அடியில் இருந்திருக்கிறது. அவர் வாய்தா வாங்கினார். மறுபடியும் வாங்கினார். அதற்கு அடுத்த தடவை நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அடுத்த விசாரணைக்கு அசல் உயில் வராவிட்டால் தடை அன்றோடு போய்விடும். புரிகிறதா?"

புரிந்தது. தடை போனால் அன்று சாயங்காலமே கடையில் வேறு பூட்டுத் தொங்கும்.

விசாரணைக்கு முந்தின நாள் அவள் உயிலை மாவுச் சாக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இதை நான் யார் கையிலயும் கொடுத்ததில்ல சார். என் தங்கச்சி கேட்டப்பகூடத் தூரத்திலேர்ந்துதான் காட்டினேன்."

"கவலைப்படாதீங்கம்மா," என்றார். சொல்லி முடித்ததும் அவளுடைய கவலையும் சேர்ந்து அவரிடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் மேசைமேல் இருந்த இத்தாலிப் பையைப் பார்த்தாள். "இதுலதானே எடுத்துட்டு வருவீங்க?"

அவர் தலை அசைந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து நீட்டினாள்.

"உயிலுக்குச் சுத்துங்க. உங்க ரெக்ஸினுக்கு அடியில ஓட்டை."

"சரி."

"சரின்னா இப்பவே, என் கண் முன்னாடி."

அவள் கண் முன்னாடியே சாக்குத் துணியோடு சேர்த்துச் சுற்றி ரெக்ஸின் பையில் வைத்தார். வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து, பையைத் திறந்து, இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பூட்டை இழுத்துப் பார்க்கும் வேலை மட்டும் அன்று இல்லை. மனைவி உள்ளே இருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. இத்தாலிப் பையின் மூடிமேல் ஒரு துளி விழுந்து, தேன் நிறத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தது. அவர் கைக்குட்டையால் ஒற்றினார். பொட்டு போகவில்லை. இன்னொரு துளி. குடை காற்றுக்குத் திரும்பிக்கொண்டது. அப்போது அவருக்குள் இருந்த வக்கீல் ஒரு வாதத்தை எடுத்து வைத்தார்: உயிலுக்கு வெளியே துணி இருக்கிறது, துணிக்கு வெளியே ஒரு பை இருக்கிறது, இந்தப் பைக்கு வெளியே என்ன இருக்கிறது? எதிர்வாதம் செய்ய அங்கே யாரும் இல்லை. ரெக்ஸின் பைக்குள் கைவிட்டு, உயிலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி, இத்தாலிப் பைக்குப் போர்த்தினார்.

பேருந்தில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைக்கப் போனபோது, இருக்கையின் விளிம்பில் ஓர் ஆணி தலை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நல்லவேளை. விரலால் தடவினார். சப்பைத் தலை, ஒரு பக்கம் வளைந்து, வளைந்த பக்கம் கத்திபோல் கூர். தோலில் பட்டிருந்தால் ஒரே இழுப்புத்தான். பையை மடிக்குத் தூக்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். தோளில் இருந்த ரெக்ஸின் பை இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். வழி நெடுக, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்குமிடத்தில் படியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, பக்கவாட்டில் நழுவி, ஒரு சொட்டுப் படாமல் இறங்கிவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நீதிமன்ற வராந்தாவில் நின்று பிளாஸ்டிக் தாளைக் கழற்றி உதறினார். பழைய பொட்டைத் தவிரப் புதிய கறை ஏதும் இல்லை. நெட்டை அங்கியை உதறிக்கொண்டே வந்தார்.

"என்ன வாய்தா, அசல் வந்திருக்கா, இன்னைக்கும் நகல்தானா?"

"வந்திருக்கு," என்று இடது தோளைத் தொட்டார்.

தோளில் வார் இல்லை. கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனார். திரும்பித் தரையைப் பார்த்தார். பிளாஸ்டிக் தாளை மறுபடி உதறினார். பிறகு, அங்கே இருக்காது என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்றாலும், இத்தாலிப் பையின் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

நெட்டை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார். "தொலைச்சுட்டியா?"

வாய்தா பையின் மூடியை மெல்ல இறக்கினார்.

"சரி விடு. உடம்பு முடியலைன்னு வாய்தா கேளு. நான் ஆட்சேபிக்க மாட்டேன். நமக்குள்ள என்ன."

ஒரு கணம் அவர் முகத்தில் அந்தப் பழைய நிம்மதி எட்டிப் பார்த்தது. பிறகு கேட்டார்: "தடை?"

"அது நீதிபதி பாடு." நெட்டை வேறு பக்கம் பார்த்தார். "நான் என் கட்சிக்காரனுக்குத்தானேப்பா வேலை பார்க்கணும்."

நெட்டை உள்ளே போனார். வாசலில் ரொட்டிக்கடைக்காரியின் வண்டி வந்து நின்றது. கடைகளுக்கு ரொட்டி போடும் சின்ன வேன், அவளே ஓட்டுவாள். பக்கத்து இருக்கையிலிருந்து மாவுக்கடைக்காரர் இறங்கினார். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வந்தாள்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார். உங்க கையில பையைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது."

பொய் சொல்ல இடமிருந்தது. உடம்பு முடியவில்லை என்றால் நம்பியிருப்பாள். அவர் முகமே அப்படித்தான் இருந்தது. அவர் பையை வராந்தாச் சுவர்மேல் வைத்து, இரண்டு வாரையும் அவிழ்த்து, மூடியை முழுக்கத் திறந்தார்.

"அம்மா, உயில் இதுக்குள்ள இல்ல. வேற பையில வச்சிருந்தேன். அதை பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டேன்."

அவள் உள்ளே பார்த்தாள். கைவிட்டு ஒரு காகித உருண்டையை எடுத்து, உள்ளே எதுவும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். இன்னொன்றையும் பிரித்தாள்.

"இத்தனை நாளும் இதையா தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

"ஆமா."

"அன்னைக்கு என் கடை வாசல்ல நின்னப்பவும்?"

"அப்பவும்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் திட்டவில்லை.

"மேல நல்லா உப்பிட்டு, பிச்சா உள்ள வெறும் காத்தா இருக்குமே, அந்த பன் மாதிரி," என்றாள். பிறகு, "எந்த பஸ்?"

"நம்பர் பார்க்கலை."

"டிரைவர், கண்டக்டர் மூஞ்சி?"

அவர் யோசித்தார். அந்தப் பயணத்தில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். "சீட்டுல ஒரு ஆணி இருந்தது."

"ஆணியா?"

"பை கிழிஞ்சுடுமேன்னு அதையே பார்த்துட்டு வந்தேன். மறுபடி பார்த்தா அடையாளம் சொல்வேன்."

அவள் மாவுக்கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, நீங்க இங்கேயே இருங்க. கூப்பிட்டாங்கன்னா வந்துட்டே இருக்கோம்னு சொல்லுங்க." பிறகு இவரிடம், "ஏறுங்க," என்றாள். சார் என்று சொல்லவில்லை.

வேனுக்குள் காலை ரொட்டியின் வாசனை இன்னும் போகவில்லை. காலித் தட்டுகள் பின்னால் கடகடவென்று ஆடின. கண்ணாடி துடைக்கும் இரண்டு கைகளில் ஒன்று வேலை செய்யவில்லை. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டினாள். கூரை ஒழுகி அவர் மடியிலிருந்த பைமேல் சொட்டியது. அவர் கை தன்னால் நகர்ந்து துளியை மறைத்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தடை போச்சுன்னா எப்ப பூட்டுவாங்க?"

"இன்னைக்குச் சாயங்காலமே பூட்டலாம்."

"நான் மாவு பிசைஞ்சு வச்சுட்டு வந்திருக்கேன். மதியத்துக்குப் பொங்கிடும்." கொஞ்ச தூரம் போனபின், "பொங்கினா அப்புறம் அது நிக்காது," என்றாள்.

கடைசி நிறுத்தத்தில் ஒரே நிறத்தில் பேருந்துகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவர் முதல் வண்டியில் ஏறி, ஜன்னலோர இருக்கைகளின் விளிம்பை ஒவ்வொன்றாகத் தடவினார். இறங்கி அடுத்த வண்டியில் ஏறினார். கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பேருந்து பேருந்தாக ஏறி இருக்கையைத் தடவுவதை, கூரைக்கு அடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நடத்துநர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஆணி," என்றாள் அவள்.

"எல்லா வண்டியிலயும் இருக்குங்க. எது வேணும்?"

"சப்பைத் தலை," என்றார் வாய்தா படியிலிருந்தே. "ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும். வளைஞ்ச பக்கம் கூரா இருக்கும்."

நடத்துநர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தன் கால்சட்டையில் தொடைக்குப் பக்கத்தில் இருந்த தையலைக் காட்டினார். "இது அந்த ஆணி போட்டதுதான். கோடியில நிக்குது பாருங்க."

கோடி வண்டியில் ஏறி விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். தண்ணீர் தேங்கியிருந்தது. வேறு எதுவும் இல்லை. அவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அட, பையா?" என்றார் பின்னாலேயே வந்த நடத்துநர். "பழைய ரெக்ஸின் பைதானே? அதை எவன் தேடி வரப் போறான்னு எங்க ரூம் கதவுக்கு முட்டுக் கொடுத்து வச்சேன். காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருந்தது."

ஓய்வறைக் கதவு திறந்திருந்தது. அதன் காலடியில், சாரல் நேராக விழும் இடத்தில், அந்தப் பை கிடந்தது. அவர் மண்டியிட்டுத் திறந்தார். சாக்குத் துணி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. பிரித்தார். உயிலின் கீழ்ப்பாதி ஈரத்தில் கறுத்திருந்தது. மாமனாரின் கையெழுத்து இருந்தது. நீல மையின் ஓரம் பூஞ்சைபோல் படர ஆரம்பித்திருந்தது. அதற்குக் கீழே மாவுக்கடைக்காரரின் கையெழுத்து இன்னும் கலங்கவில்லை.

"பிளாஸ்டிக் ஒண்ணும் சுத்தலையா?" என்றாள் அவள்.

"சுத்தியிருந்தேன்." நிறுத்தினார். அப்புறம் அதையும் சொன்னார். "எடுத்து இந்தப் பைக்குப் போர்த்திட்டேன்."

அவள் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் இத்தாலிப் பையைத் திறந்து காகித உருண்டைகளை எடுத்தார். வாரக் கடைசியில் அடைத்தது; மொரமொரவென்று உலர்ந்திருந்தன. நடத்துநரின் மேசைமேல் ஒவ்வொன்றாக நீவி விரித்தார். உயிலை இரண்டு விரலால் ஏந்தி நடுவில் வைத்தார். மேலே இன்னும் சில தாள்கள். உள்ளங்கையால் ஒற்றினார். நீலம் தாளில் கொஞ்சம் ஏறி, படர்வது நின்றது. ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்ததை வைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் தட்டையாக, மடிப்பு விழாமல் இத்தாலிப் பைக்குள் இறக்கி, வாரை இறுக்கினார். பூட்டு ஒருதரம் சின்னதாகச் சத்தம் போட்டது.

பிளாஸ்டிக் தாள் நீதிமன்ற வராந்தாவில் கிடந்தது. வேன்வரை போவதற்குள் தேன் நிறம் முழுக்க மாறி, பை மண் நிறமாகிவிட்டது.

திரும்பும் வழியில் போக்குவரத்து நின்று நின்று நகர்ந்தது. அவர் மடியில் பை கனத்தது. ஒரு தாளுக்கும் சில செய்தித்தாள்களுக்கும் இவ்வளவு கனமா என்று இருந்தது. தோல் குடித்த தண்ணீராக இருக்கும். உள்ளே இறங்குமோ? இந்நேரம் கூப்பிட்டிருப்பார்களோ? திறந்து பார்க்கலாமா? பூட்டுவரை போன கையை இழுத்துக்கொண்டார்.

வராந்தாவில் மாவுக்கடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை கூப்பிட்டுத் தள்ளி வச்சாங்க. மறுபடி கூப்பிட்டுட்டாங்க, ஓடுங்க."

உள்ளே நெட்டை பேசிக்கொண்டிருந்தார். "எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடல்நிலை சரியில்லை என்று தெரிகிறது. வாய்தா கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தடையை மட்டும் இன்றோடு…"

"அவரே வந்துவிட்டாரே," என்றார் நீதிபதி.

தலையிலிருந்து தண்ணீர் வழிய வாய்தா மேசைக்குப் போனார். பூட்டைத் திறந்தார். வார் நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் இழுத்தார், தோலில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. செய்தித்தாள்களை விலக்கி உயிலை எடுத்தார். காய்ந்திருந்தது. லேசாக அலை அலையாக இருந்தது, அவ்வளவுதான்.

நீதிபதி முன்பக்கத்தைப் படித்தார். கையெழுத்துகளைப் பார்த்தார். திருப்பினார். புருவம் உயர்ந்தது.

"உயிலின் பின்பக்கம் ஏதோ அச்சு விழுந்திருக்கிறதே. எழுத்தெல்லாம் இடவலம் மாறி… மெத்தை விளம்பரமா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வாய்தா தொண்டையைச் செருமினார்.

"இன்று காலையில் விழுந்தது. உயிலைப் பேருந்தில் தவறவிட்டேன். மழையில் நனைந்தது. செய்தித்தாளில் வைத்துக் காயவைத்தேன். தவறு முழுக்க என்னுடையது. முன்பக்கத்தில், கையெழுத்தின் ஓரம் கலைந்ததைத் தவிர, எதுவும் இன்று நேர்ந்தது இல்லை."

நெட்டை உடனே எழுந்தார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிற நெட்டையின் குரல் அதில் இல்லை. "கையெழுத்தின் ஓரம் கலைந்திருக்கிறது. இது சந்தேகத்துக்கு உரியது. நிபுணரிடம் காட்ட வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒரு வாய்தா வேண்டும். அதுவரை தடையை நீட்டிக்கக் கூடாது."

நீதிபதி வாய்தாவின் பக்கம் திரும்பினார். அவர் உதட்டோரத்திலும் ஏதோ இருந்தது. "வாய்தா கேட்கிறார்கள். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

பின்வரிசை இந்தத் தடவை வெளிப்படையாகவே சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். உறுத்தல் வந்துவிட்டது. சாட்சியைக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிய தாள் ரெக்ஸின் பையில், கூழாகிக் கிடக்கிறது. முதல் கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. இரண்டாவது இல்லை. நாளைக்கு என்றால் எல்லாம் தெளிவாக இருக்கும்.

"உண்டு," என்றார். "சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வெளியே நிற்கிறார். இப்போதே விசாரிக்கலாம். தடை தொடர வேண்டும்."

நீதிபதி உயிலை மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மெத்தை விளம்பரத்தைப் படித்து முடித்தார் போலிருக்கிறது. "வாய்தா இல்லை. விசாரணை முடியும்வரை தடை தொடரும். சாட்சியைக் கூப்பிடுங்கள்."

ரொட்டிக்கடைக்காரி பின்னாலிருந்து குனிந்து அவர் காதோரம் கேட்டாள். "அப்படின்னா நான் போய் அடுப்பைப் பத்த வைக்கலாமா சார்?"

"வைங்கம்மா."

அவள் போகும்போது, மேசையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்த பையை ஒரு பார்வை பார்த்தாள். மாவுக்கடைக்காரர் கூண்டில் ஏறிச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் வழக்கம்போல் எட்டிப் பார்த்தார்கள். வாய்தாவின் முகத்தில் நிம்மதி என்று எதுவும் இல்லை. நெற்றியில் இருந்தது மழையா வேர்வையா என்று சொல்ல முடியவில்லை. அவர் நினைவிருந்த முதல் கேள்வியைக் கேட்டார்.